பிள்ளை அழுறான், எழும்புங்கோ

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினாலே எனக்கு எரிச்சல் வரும். வேறு வேலையில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். இப்போது நீங்கள் என்னைக் கேட்கப்போகிறீர்கள், கேளுங்கள்.

கோப்பாயில் வீட்டிலிருந்தே எனக்கு வேலை. வெளிநாட்டு டாக்டர்மார் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சுச் செய்ய வேண்டும். காதை மூடி ஹெட்செட் மாட்டினால் வீட்டில் இடி விழுந்தாலும் தெரியாது. மகனுக்கு அப்போது மூன்று வயது.

அவன் அழுதால் எனக்குத் தெரியவர வழி கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. குருநகரில் தன் வீட்டிலிருந்து அதே வேலையைச் செய்தாள், நேரில் சந்தித்ததே இல்லை. நாள் முழுக்க இருவரும் அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருப்போம். மகன் அழுதால் என் மைக் வழியாக அவளுக்குக் கேட்கும்.

“அக்கா, பிள்ளை அழுறான், எழும்புங்கோ” என்பாள். பக்கத்து அறையில் பிள்ளை அழுவதை எனக்குக் குருநகரிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்!

அவளுக்கு ஏழாம் மாதம். “எனக்குப் பிறந்தாப் பிறகு நீங்கள்தான் சொல்லோணும்” என்பாள்.

“ஓமடி, உன்ரை பிள்ளை அழுதா நான் சொல்லுறன்.”

அன்று காலை வழக்கம்போல அழைப்பைத் திறந்தேன். அவள் பேசவில்லை. களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் திடீரென்று காதுக்குள் அவள் குரல்.

“அக்கா, பிள்ளையின்ரை சத்தமே இல்லை. கிணத்தடிக்கு ஓடுங்கோ!”

ஓடினேன். கிணற்றுக் கட்டோடு பிளாஸ்டிக் கதிரையைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, பாதி உடம்பு உள்ளே போகக் குனிந்திருந்தான் என் மகன். காற்சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஐயோ, இன்னும் ஒரு நொடி போயிருந்தால்!

அவனைத் தூக்கிக்கொண்டே அவளுக்கு நன்றி சொல்ல வந்தேன். காலையிலிருந்து அழைப்பில் நான் ஒருத்தி மட்டுமே இருந்ததாகத் திரை காட்டியது. அவளுடைய தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தேன். அவள் அண்ணன்தான் பேசினார்.

“தங்கச்சி விடியவே ஆஸ்பத்திரியிலை செத்துப்போனாள். வயித்துப் பிள்ளையும் தப்பேல்லை.”

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பகலில் வீட்டில் நான் தனி. யாருடனும் அழைப்பைத் திறந்து வைப்பதில்லை, நம்பினால் நம்புங்கள். அப்படியிருந்தும் போன கிழமை, டாக்டர் ஒருவரின் பேச்சுக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

“அக்கா, பிள்ளை அழுறான், எழும்புங்கோ.”

பதறிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மகன் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்றார்கள். அதற்குப் பிறகும் தினமும் கூப்பிடுகிறாள். எழும்பி நிற்கிறேன். எங்கே போய் அவளுடைய பிள்ளையைத் தூக்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.