பெயர் கேட்ட ஆயா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியராக இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்ட ஆயா மெலிந்தவர். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருப்பார். யாருடன் பேசினாலும் அவருடைய கால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் வருடம் தொடங்க யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பினேன். விடுமுறையில் அம்மா இறந்துபோயிருந்தார். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. கதவைத் திறந்து கரும்பலகையைத் துடைத்தேன்.

ஆயா குழந்தையொன்றைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தார்.

"வந்துட்டீங்களா வாத்தியாரய்யா? உங்க பேரு என்னங்க?"

"ஒரு வருசமாத் தெரியாதோ?" என்றேன்.

"இங்க வர்ற வாத்தியாருங்க ஒரு வருசத்துல போயிடுவாங்க. பேரைக் கேட்டு வச்சா, போனப்புறம் மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க. அதான் கேக்குறதில்ல."

சொன்னேன். இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மலையில் என் பெயரை ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதும் மனதில் ஒன்றும் அசையவில்லை.

அவர் பெயரை நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். மேலும் இரண்டு வருடம் அங்கே இருந்தும் கேட்கவில்லை. ஏனென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.