கழுத்துக்கு நன்றி சொன்ன விழா

ஜெர்மனியில் ஓர் உடற்கூற்றியல் நிறுவனத்தில் நான் பிரெப்பராட்டராக இருந்தேன். அதாவது, இறந்தவர்களின் உடலை மாணவர்கள் படிப்பதற்கு ஏற்றபடி பதப்படுத்தி வைப்பவன். ஓய்வு பெறும் வருடத்தில்தான் அந்தக் கழுத்துச் சிக்கல் வந்தது.

எங்கள் அலமாரியில், ஃபார்மலின் ஜாடிக்குள் ஒரு மனிதக் கழுத்து இருந்தது. நாஜிகள் காலத்தில் பண்ணை வேலைக்குப் பிடித்துவரப்பட்ட போலந்து இளைஞன் ஒருவனுடையது. ஏதோ அற்பக் குற்றம் சாட்டிச் சிறையில் தலையை வெட்டினார்கள். உடலை எங்கள் நிறுவனம் வாங்கிக்கொண்டது. எத்தனையோ வருடம் கழித்து ஆய்வாளர்கள் அவன் பெயரைக் கண்டுபிடித்தார்கள். உடனே அவனுடைய அண்ணன் மகளான ஒரு வயதான அம்மா, ஊரில் புதைக்க வேண்டும் என்று ஜாடியைக் கேட்டார். நிறுவனத் தலைவரான பேராசிரியருக்கோ விட மனமில்லை.

"இவ்வளவு வடிவாப் பதப்படுத்தின பிரெப்பராட் இனிக் கிடைக்காதாம் அண்ணை," என்றார் எங்கள் நிறுவனத்தில் பாடம் எடுக்கும், என்னைப் போலவே ஈழத் தமிழரான டொக்டர் நிரோஜா.

"ஓம் தங்கச்சி. இளம் பெடியளின்ரை தலையை வெட்டிச் சுடச்சுட அனுப்புற அரசாங்கம் இப்ப இல்லைத்தானே."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பேராசிரியர் கெட்டிக்காரர். படிப்புக்காக உடலைத் தானம் செய்தவர்களுக்கு வருடாவருடம் தேவாலயத்தில் நினைவு விழா எடுப்போம். மாணவர்கள் வயலின் வாசிப்பார்கள். பெயருக்கொரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். அங்கே இந்தப் பெயரையும் வாசித்துவிட்டால் அந்த அம்மா மனம் குளிர்ந்து வெறுங்கையோடு போய்விடுவார் என்று நினைத்து, முன்வரிசையில் இடமும் கொடுத்தார்.

பெயர் வாசிக்கப்பட்டது. திரி ஏற்றப்பட்டது. பேராசிரியர் நெகிழ்ந்த குரலில், "உடலை மனமுவந்து எங்களுக்குத் தந்த இவர்கள் அனைவருக்கும் நன்றி," என்றார். ஒவ்வொரு வருடமும் பேசும் அதே பேச்சு. ஒரு சொல் மாற்றவில்லை. கழுத்தை நீட்டிய பெருந்தன்மைக்கும் சேர்த்து நன்றி!

அந்த அம்மா எழுந்தார். கம்பை ஊன்றி நடந்துபோய் அந்த ஒரு திரியை மட்டும் ஊதி அணைத்தார். ஜெர்மனில்தான் சொன்னார், என் காதில் எங்கள் ஊர்த் தமிழில் இப்படி விழுந்தது:

"என்ரை சித்தப்பா தரேல்லை. நீங்கள் எடுத்தனீங்கள். திருப்பித் தாங்கோ."

பேராசிரியர் பேச்சுத்தாளை மடித்தார். பிறகு, "அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, அடுத்த மாதம் ஒரு டெர்மின், சந்திக்க ஒரு நாள், குறித்து..." என்று இழுத்தார்.

"உங்கடை டெர்மினுக்கு நான் உயிரோடை இருப்பனோ தெரியாது."

தேவாலயத்தில் எல்லோரும் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் மறுக்க அவருக்கும் ஏலவில்லை. அடுத்த வாரம் ஜாடியைத் திறந்து, கழுத்தைச் சின்னச் சவப்பெட்டியில் வைத்து, போலந்து போகும் வண்டியில் நானே ஏற்றினேன். அந்த அம்மா நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, உடலைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். பறிக்கப்பட்டவருக்கு விழா எடுக்காதீர்கள், வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.