சித்தப்பா எழுந்துபோன பந்தி

தூத்துக்குடியில் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஊர் ராஜபாளையம் என்று விடுதியில் சொன்னது தப்பாகப் போயிற்று. "வெள்ளையா, ஒல்லியா இருக்கும்லா, அந்த நாயா?" என்று ஒருவன் கேட்டான். நான் நல்ல கறுப்பு. அதனால் சிரிப்பு இரண்டு மடங்கானது. வகுப்பில் என் எண் வரும்போதெல்லாம் பின்பெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு குரைப்பு கேட்கும். குரைப்பவன் மணப்பாட்டுக்காரன், என் பக்கத்து அறை. ஒரு நாள் மெஸ்ஸில் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்து குரைத்தான். அவன் கையைப் பிடித்து இழுத்து நிஜமாகவே கடித்துவிட்டேன். ரத்தம் வந்தது. வார்டன் எங்கள் இருவரையும் ஒரு வாரம் மெஸ்ஸை விட்டு நிறுத்தினார். அந்த ஒரு வாரமும் ஒரே பரோட்டாக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டோம். ஏழாம் நாள் அவன் கட்டுப்போட்ட கையை நீட்டி, "ஊசி போடலலே. இனி எனக்கும் வெறி பிடிக்கும்" என்றான். அப்படித்தான் எனக்கு அந்த ஊரில் நண்பன் கிடைத்தான்.

எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பட்டினி ஒன்றும் இல்லை. அப்பாவிடம் எதையும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். திரும்பி வந்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். ஒரு செருப்பு வேண்டும் என்று கேட்டால்கூட எல்லைக் குளிரில் அவர் நின்ற கதை முழுவதையும் கேட்டாக வேண்டும். அவருடைய தம்பி, என் சித்தப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ். நான் சப் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே முடிவு செய்துவிட்டார்கள். கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்று நான் சொன்னதை அதற்கு இடையில் ஒரு பொழுதுபோக்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஆள் தேவை என்று வாசலில் ஒட்டியிருந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்கவில்லை. "ராஜபாளையத்துல எந்தத் தெரு?" என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன். "அப்பா பேரு?" சொன்னேன். "தாத்தா பேரு?" எதற்குக் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "ஜெராக்ஸ் எடுக்கத் தாத்தா எதுக்குண்ணே? அவரு செத்துட்டாரு" என்றேன். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். எங்கே சொல்லி அனுப்புவார் என்று விலாசம் வாங்கிக்கொள்ளவில்லை.

மணப்பாட்டுக்காரன்தான் என்னைப் பந்தி பரிமாறக் கூட்டிப்போனான். முகூர்த்த நாள் என்றால் எங்கள் விடுதியில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். நீலச் சட்டை, தொப்பி, கையுறை கொடுப்பார்கள். எங்களை வேலை வாங்கும் சூப்பர்வைசர் பெரிய உடம்புக்காரர். யாரையும் திட்டாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர். "கூட்டு வைக்கச் சொன்னா கோலம் போடுதியால?" என்பார். ஆனால் தாத்தா பெயரை அவர் கேட்கவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கையில் வாளியோடு இலைக்கு இலை வேகமாக நகர்ந்துகொண்டே, யாருக்கு வேண்டும் யாருக்குப் போதும் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டுப் போல இருந்தது. இரண்டே மாதத்தில் என்னைச் சாம்பாருக்கு உயர்த்தினார்கள்.

இரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மதியம் இரண்டாவது பந்தியில் சாம்பார் வாளியோடு நடு வரிசையில் வந்துகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சாயம் அடித்த மீசை. சித்தப்பா. அவருக்கு இரண்டு பக்கமும் அவரைப் போலவே கிராப் வெட்டிய ஆட்கள். போலீஸ்காரர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

என் புத்தியில் வேறு எதுவும் தோன்றவில்லை. "சாம்பார் விடவா சித்தப்பா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் தொப்பியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "யாருய்யா, தெரிஞ்ச பயலா?" என்று கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? சப்ளைக்காரப் பய. சித்தப்பா, மாமான்னு ஒட்டிக்கிடுதானுவ" என்றார் சித்தப்பா.

நான் சோற்றின் மேல் சாம்பாரைச் சாய்த்தேன். கரண்டி இலையைத் தாண்டிப் போயிற்று. கை தவறியதா, நானே அதைத் தாண்டவிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சூடான சாம்பார் அவருடைய வேட்டியில் மடி முழுக்கக் கொட்டியது. துள்ளி எழுந்தார். "ஏலே, கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். இலையை மடக்கிவிட்டார். பந்தியில் பாதியில் எழுந்தால் பெண்ணைப் பெற்றவர் என்ன ஆவார்! அந்த மனிதர் பட்டு வேட்டி தடுக்க ஓடி வந்து, "என்ன குறைன்னாலும் மன்னிச்சு உக்காருங்க" என்று கையைப் பிடித்தார். பின்னாலேயே சூப்பர்வைசர் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சார் யாருன்னு தெரியுமால உனக்கு?"

ஒரு வார்த்தை போதும். என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி என்று சொன்னால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். சித்தப்பா இப்போது என் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது.

"தெரியாதுண்ணே" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க சார்" என்றேன்.

அவர் ஈர வேட்டியோடு மண்டபத்தை விட்டுப் போனார். கைகூடக் கழுவவில்லை. என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு என்னை இலை எடுக்க அனுப்பினார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்து மணப்பாட்டுக்காரனிடம் சொன்னேன். "கிறுக்காடா உனக்கு? சொல்லிருந்தா அந்தாளு மானம்லா போயிருக்கும்" என்றான். அவருடைய மானத்தைக் காப்பாற்ற நான் பேசாமல் இருந்ததாக அவன் நினைத்தான். அப்படி இல்லை. அந்த ஆளை என் சித்தப்பா என்று சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அதற்கு அடுத்த போன் அப்பாவிடமிருந்து வந்தது. "ஞாயித்துக்கிழம வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கோவில்பட்டியில் பஸ் மாறி மதியம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா மில்லுக்குக் கிளம்ப யூனிபார்மில் நின்றார். நான் பையை இறக்கும் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"எச்சி இலை எடுக்கவாலே உன்னைய காலேஜுக்கு அனுப்புனேன்?"

"சாப்பாடு போடப் போனேம்பா. இலை எடுத்தது அன்னைக்கு ஒரு நாள்தான். அதுவும் சித்தப்பா புண்ணியத்துல."

"பேச்சப் பாத்தியாண்ணே" என்றார் சித்தப்பா. "வேணும்னே ஊத்துனான். டிபார்ட்மெண்ட் ஆளுக எம்புட்டுப் பேரு இருந்தாவ தெரியுமா? அம்புட்டுப் பேரு முன்னாலயும் கேவலப்பட்டுப் போனேன்."

அப்பா என் அருகே வந்தார். "நம்ம குடும்பத்துல எவனாவது அடுத்தவனுக்குக் கைகட்டி நின்னுருக்கானாலே?"

அதற்கு நான் சொன்னதை வாழ்க்கையில் நான் பேசியதிலேயே மோசமான பேச்சு என்று இப்போதும் நினைக்கிறேன். "நீங்க நிக்கலையாப்பா? முதலாளி காரு வந்தா ஓடிப்போயி கேட்டத் திறந்து சல்யூட் அடிக்கீங்களே. அவரு மகன், என் வயசுப் பய, அவனுக்கும் அடிக்கீங்க. நான் பாத்திருக்கேன்."

அறைந்தார். ராணுவத்துக் கை. காதுக்குள் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தபோது அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அம்மா சித்தப்பாவின் எதிரில் குரல் உயர்த்தி நான் பார்த்ததே கிடையாது.

"சாம்பார் கொட்டுனத மட்டும் சொன்னீயளே கொழுந்தனாரே. பக்கத்துல இருந்தவிய இவன் யாருன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீய? அதையும் உங்க அண்ணங்கிட்டச் சொல்லும்."

அப்பா தம்பி பக்கம் திரும்பினார். "என்னலே சொன்ன?"

சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த நேரத்துல என்னத்தண்ணே சொல்ல..."

"என் மகன யாருன்னு தெரியாதுன்னியா?"

"ஆமா, சொன்னேன்" என்று சித்தப்பாவும் எழுந்துவிட்டார். "தொப்பியும் வாளியுமா நிக்கவன எம்மகன்னு எவன் சொல்லுவான்? அந்த எடத்துல நீ உக்காந்திருந்தாலும் அதத்தாம்ணே சொல்லிருப்ப."

"நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்" என்று அப்பா சொல்வார் என எதிர்பார்த்தேன். கன்னம் எரிய நின்று அதற்காகக் காத்திருந்தேன். அம்மாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆணியிலிருந்து யூனிபார்ம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

"செத்த நேரம் இரு, சோறு ஆயிட்டு, தின்னுட்டுப் போ" என்று அம்மா சொன்னாள். அந்த வீட்டில் எனக்கு எதுவும் இறங்காது என்று சொல்லிவிட்டு, வந்த பையோடு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் ஊருக்குப் போகவில்லை. என் கல்லூரிக் காலத்திலேயே சந்தோஷமான மாதங்கள் அவைதான் என்று சொன்னால் அம்மா வருத்தப்படுவாள். ஆனால் உண்மை அதுதான். மணப்பாட்டுக்காரன் எனக்கு அலைக்குக் குனிந்து கொடுக்கச் சொல்லிக் கொடுத்தான். எங்கள் ஊர் அய்யனார் கோவில் ஓடையில் குளித்துப் பழகியவனுக்குக் கடல் வேறு பிராணி. முதல் நாள் வாயும் மூக்கும் உப்புத் தண்ணீராகி மணலில் கிடந்து வாந்தி எடுத்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேக்கரியில் உடைந்த மக்ரூனைத் தனியாகக் கட்டிக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஐந்தாறு பேர் கடற்கரையில் உட்கார்ந்து, வாத்தியார்கள் ஒவ்வொருவரையும் போல நடித்துக் காட்டுவோம். கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குப் போய் நான்கு நாள் மீனாகத் தின்றேன். அந்தச் சந்தோஷத்தில் பாதி வீம்பு. ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும், அந்த வீட்டில் இரண்டு பேர் இதைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும்.

சில முகூர்த்தங்கள் என்னைக் கூப்பிடாமல் இருந்த சூப்பர்வைசர் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். "சாம்பார் உனக்கு ஆயுசுக்கும் கிடையாது. அப்பளத்த எடு, அது கொட்டுனா சுடாது" என்றார். கடைசி ஆண்டு முடியும்வரை அப்பளம்தான் போட்டேன். போலீஸ் தேர்வு எழுதும்படி அப்பா மூன்று தடவை அம்மா மூலம் சொல்லி அனுப்பினார். நான் விண்ணப்பமே போடவில்லை. படிப்பை முடித்து தூத்துக்குடியிலேயே உப்பைப் பரிசோதிக்கும் ஒரு லேபில் சேர்ந்துவிட்டேன்.

இப்போது வீட்டுக்குப் போகிறேன், பண்டிகைக்கு மட்டும். நான் பேசினால் அப்பா பதில் சொல்வார், அவராக எதுவும் கேட்கமாட்டார். கேட்டைப் பற்றிச் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போவேன். அவர் முகத்தைப் பார்த்ததும், அன்று அவர் சொல்லாமல் விட்டது எனக்கு ஞாபகம் வந்துவிடும். கேட்காமலே திரும்பிவிடுவேன்.

போன பொங்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சித்தப்பாவைப் பார்த்தேன். ரிட்டையர்டு ஆகிவிட்டார். மீசைக்குச் சாயம் அடிப்பதில்லை. கூட்டத்தில் என்னைக் கண்டு கையைத் தூக்கி, "ஏலே, நில்லுலே, எப்பம் வந்த?" என்று கூப்பிட்டார். அவர் குரல் நன்றாகவே கேட்டது. ராஜபாளையம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.