இடுப்புவலி மாத்திரை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலியக்கா என்றே பெயர். எலியின் முதுகு ரோமத்தை மழித்து, நகத்தளவுக் கருவி ஒன்றை ஒட்டுவாள். பிறகு ஒளிரும் சாயத்தை ஊசியில் ஏற்றுவாள். சிறுநீரகம் அந்தச் சாயத்தை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று கருவி காட்டிக்கொடுத்துவிடும். பஸ் ஓட்டும் கணவர், "எங்க வீட்டுப் பூனை வேலைக்குக் கிளம்பிருச்சு" என்று கேலி செய்வார்.

ஒருமுறை ஒரு கூண்டு எலிகள் அவளைக் குழப்பின. நன்றாகத் தின்றன, ஓடின, ரோமம்கூடப் பளபளத்தது. சாயம் மட்டும் உடம்பைவிட்டுப் போவேனா என்றது. ஒட்டியதில்தான் பிசகோ என்று மறுபடி அளந்தாள். சந்தேகமே இல்லை, சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது.

எந்தக் கூண்டுக்கு என்ன மருந்து என்று அளப்பவர்களுக்குச் சொல்வதில்லை. ஆய்வு முடிந்ததும் ஆராய்ச்சியாளர் அம்மா சொன்னார். புது மருந்தெல்லாம் இல்லையாம். கடையில் கேட்டாலே கொடுக்கும் வலி மாத்திரைதானாம், தினமும் கூடுதலாகக் கொடுத்தார்களாம்.

பெயரையும் சொன்னார். இன்னொரு தரம் கேட்டாள். அதே பெயர்தான். இடுப்புவலிக்கென்று அவள் கணவர் வருஷக்கணக்காக, காலையும் மாலையும் மிட்டாய்போல வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை.

உடனே போன் செய்தாள்.

"நல்லாத்தானே இருக்கேன், எனக்கென்ன?" என்றார்.

"அதுங்களும் நல்லாத்தான் இருந்துச்சுங்க."

இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். ஒரு நாள்கூட அந்த இடத்தில் வலித்ததில்லையே என்பதுதான் கணவருக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டைப்பை, தலையணையடி, சாப்பாட்டுப்பை என்று ஒன்றுவிடாமல் தேடி மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த மகள் எழுந்துபோய், தன் கல்லூரிப் பையிலிருந்து அதே மாத்திரையின் அட்டை ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள்.

"வயித்துவலிக்கு அப்பா குடுத்தது. இப்பல்லாம் தலைவலிக்கும் போடுறேன்."

அதையும் வாங்கிக் குப்பையில் போட்டாள் அம்மா. மறுநாள் விடிந்ததும் கணவரே மகளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார்.

மகளுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று முடிவு வந்த அன்று, ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அவர் அழுதார். அவருக்குப் போனது போனதுதான். மாத்திரையை விட்டபின் மிச்சம் இருப்பது குறையாமல் நிற்கிறது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இப்போது பஸ் நிலைய முன்பதிவுக் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிறார். இடுப்பு வலித்தால் எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்து உட்காருகிறார்.