டியூஷன் டீச்சரின் பெண்

என் அம்மாவுக்குக் கோபமே வராது என்று எங்கள் வலியசாலைத் தெரு முழுக்கச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் வேறு யாரோ ஒரு மாமியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அடுத்த வீட்டுப் பெண் பின்னக் கணக்கு வராமல் அழுதபோது அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதுதான் ஆரம்பம். அந்தப் பெண் அழுகையை நிறுத்தியது அவளுடைய அம்மாவுக்குப் பெரிய அதிசயமாகிவிட்டது. அடுத்த வருஷம் எங்கள் கூடம் நிறைந்தது. அதற்கடுத்த வருஷம் மாடிப்படியிலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்தில் வாசலில் கிடக்கும் செருப்புகளைத் தாண்டி உள்ளே வர முடியாமல், ஆபீஸிலிருந்து திரும்பும் அப்பா கொல்லைப்புறமாக வந்து அடுக்களை வழியாக நுழைவார். கரமனையிலிருந்துகூட ஆட்டோவில் பிள்ளைகள் வந்தார்கள்.

ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் அம்மா அதைத் தப்பு என்று சொல்லமாட்டாள். "சாரமில்லை, போனாப் போறது. எந்த எடத்துல வழி மாறித்துன்னு நாம ரெண்டு பேருமாத் தேடலாம்" என்பாள். அந்தக் குரலை நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அத்தனை இதமான குரல்.

எல்லோரும் போன பிறகு என் முறை வரும். அதற்குள் அந்தக் குரலும் அவர்களோடு கிளம்பிப் போயிருக்கும். குக்கர் ஒரு பக்கம் கத்தும், அம்மா ஒரு பக்கம். "இதுகூடவா தெரியலை? தெருவுல இருக்கற அத்தனை குழந்தைக்கும் தெரியறது." நான் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து விடை சொல்லக் கற்றுக்கொண்டேன். ஏழு என்று சொல்லி, புருவம் நெரிந்தால் எட்டு என்பேன்.

பரீட்சையில் அம்மாவின் முகம் இல்லை. ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சையில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கினேன். என் பக்கத்து பெஞ்சில் இருந்தவன் முழு மார்க். அவன் எங்கள் கூடத்தில் படிப்பவன். அன்று சாயங்காலம் நான் வீடு வந்து சேருவதற்கு முன்பே சேதி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் எங்களிடம் விட்டிருப்பவள். கூட இன்னும் இரண்டு மாமிகள். வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வருவார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலேயே, பரீட்சையன்று குழந்தைக்கு ஜுரம் என்று சொல்லிவிடலாம் என அவர் யோசனை சொல்லியிருந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. நெற்றியில் கொஞ்சம் விபூதி இட்டுக்கொண்டு தயாராகவே இருந்தேன்.

அந்த மாமி சிரித்துக்கொண்டே கேட்டாள். "டீச்சர் தப்பா ஒண்ணும் நெனைச்சுக்கப்படாது. சொந்தக் குட்டிக்கே இப்படீன்னா, எங்களுக்கும் ஒரு பயம் வருமோல்லியோ?"

கூடத்தில் பென்சில் சத்தம் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து அந்த ஜுரம் வரப்போகிறது என்று நான் நினைத்தேன்.

"பயப்படறது நியாயந்தான்" என்றாள் அம்மா. "ஒங்க குழந்தைகள் தப்பாப் போட்டா எனக்குக் கோபம் வரதில்லை. இவ போட்டா வரது. எத்தனையோ பண்ணிப் பாத்துட்டேன், மாத்திக்க முடியலை. என்னால இவளுக்கு டீச்சரா இருக்க முடியாது, கேட்டேளா. இவளை வேற எடத்துல விடப்போறேன்."

யாரோ என்னைத் தூக்கித் தெருவில் வைத்தது போலிருந்தது எனக்கு. அத்தனை பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். அழக்கூடத் தோன்றவில்லை. அப்பா அடுக்களை வாசலில் காபி டம்ளரோடு அப்படியே நின்றார். சண்டைக்கோ சமாதானத்துக்கோ தயாராக வந்த மாமிகள், இரண்டும் கிடைக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அம்மா திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தாள், அதே இதமான குரலில். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிர்ச்சியாக இருந்தது.

வேறு இடம் எது என்று தெரிந்தபோது இன்னும் திகைத்துப்போனேன். ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரக் கடையின் மாடியில் ஒரு சார் டியூஷன் எடுத்தார். பாறசாலைக்காரர். சத்தத்துக்குப் பேர்போனவர். அம்மா ஆரம்பித்த பிறகு அவருடைய பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதே இல்லை.

மறுநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியேறினாள். சார் எழுந்தே நின்றுவிட்டார். வழக்குப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்க பிள்ளையள எல்லாம் நீங்கதான கொண்டு போனிய" என்றார். பிறகு தணிந்து, "நான் சத்தம் போடுவேன் டீச்சர். ஊருக்கே தெரியும்."

"போடுங்கோ சார்" என்றாள் அம்மா. "நான் போடற சத்தம்தான் இவளுக்கு ஆகலை."

சார் சொன்னபடியே சத்தம் போட்டார். கழுதை என்றார், களிமண் என்றார். ஆச்சரியம், அதில் ஒன்றுமே என் மேல் ஒட்டவில்லை. அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, கீழேயிருந்து வரும் மிளகாய் நெடிக்கு ஒரு தும்மல் போட்டுவிட்டு, மறுபடி கணக்கைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் கணக்கு எனக்குப் புரியத் தொடங்கியது.

எங்கள் கூடம் காலியாகிவிடும் என்று அப்பா பயந்தார். அந்த மாமி தன் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தவில்லை. தன் பெண்ணைப் பற்றியே மூடி மறைக்காதவள் நம் பிள்ளைகளைப் பற்றிப் பொய் சொல்லமாட்டாள் என்று கோயிலில் அவளே பேசினாளாம். அடுத்த வருஷம் அம்மா பக்கத்து வீட்டு மாடியையும் வாடகைக்கு எடுத்தாள்.

எனக்கு அதில் சந்தோஷமில்லை. என்னை விற்று வாங்கிய மாடி என்று நினைத்தேன். ஆரியசாலைக்கு என்னைக் கொண்டுவிட்டு அழைத்துப்போக, அம்மா தன் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகாமல் கீழே மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே, மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருப்பாள். ஒரு நாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டேன். சாரின் வித்தையைத் திருட நிற்கிறாள் என்று முடிவு செய்து, அவரிடம் காட்டிக்கொடுத்தேன். "சார், அம்மா கீழ நின்னு ஒட்டுக் கேக்கறா."

சார் எழுந்துபோய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். "நீ கணக்கப் போடு மக்களே" என்று மட்டும் சொன்னார்.

போட்டேன். விடை சரியாக இருந்தது. சார் ஜன்னலோரமாகவே நின்று, கீழே பார்த்து, என் பெயரைச் சொல்லி, "சரியாட்டு போட்டுட்டா" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூவினார். அன்றிலிருந்து நான் எந்தக் கணக்கைச் சரியாகப் போட்டாலும் அதே இடத்தில் நின்று அதே மாதிரி கூவுவார். நானும் அவ்வளவும் எனக்குத்தான் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.