அம்மாவைச் சிரிக்க வைத்தவள்

நேற்று டீயில் ரெண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டேன். வாசம் எழுந்ததும் மும்தாஜ் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும். அறுபதை நெருங்கும் வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில், போடியில் அம்மா ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போவாள். மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கும். பரீட்சை லீவில் நானும் போவேன். பக்கத்து டீக்கடைக்காரர் மகள் மும்தாஜும் வந்து அம்மாவிடம் ஒட்டிக்கொள்வாள். சொளகில் கொட்டி, வெடித்த காயை ஒதுக்கி, நல்லதைத் தனியே குவிக்க வேண்டும். நல்ல குவியலில் வெடித்த காய் அகப்பட்டால் கணக்குப்பிள்ளை மொத்தத்தையும் கலைத்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து பொறுக்க வேண்டியதுதான்.

அம்மா லேசில் சிரிக்க மாட்டாள். மும்தாஜ் வாயைத் திறந்தால் மட்டும் போதும்.

“அத்தே, ஏலக்காய ஏலம் விடுறாக. கத்திரிக்காய என்ன விடுவாக?”

“என்னத்தடி விடுவாக?”

“கத்திரி விடுவாக!”

அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். மறுநாள் காலையில் அதையே நான் சொன்னேன். “வெரசா வாயக் கொப்புளி, சோலி கெடக்கு” என்றாள். வாழைக்காய், சுண்டைக்காய் என்று நானே நாலைந்து கட்டியும் பார்த்தேன். ம்ஹூம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் எனக்கு, சிரிப்பு அவளுக்கா?

ஒருநாள் அம்மா சிரித்துக் குனிந்த நேரம், வெடித்த காயில் ஒரு கை அள்ளி நல்ல குவியலில் போட்டுவிட்டேன். சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்து கிளறினார்.

“இந்தச் சிரிப்பாணி மூட்டுற பிள்ளைய நாளையிலருந்து உள்ள விடாதீக.”

மும்தாஜ் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். அம்மா அத்தனையையும் மறுபடி பொறுக்கினாள். நானும் கூட உட்கார்ந்து உதவினேன், ரொம்ப நல்ல பிள்ளையாட்டம். அந்த லீவு முடியும்வரை அம்மா பக்கத்து இடம் முழுக்க எனக்கே. அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஆள் அடையாளம் அடிக்கடி தடுமாறுகிறது. நேற்று டீயைக் கையில் கொடுத்து, அந்தக் கத்திரிக்காயை அவிழ்த்துவிட்டேன். பொக்கை வாயைத் திறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்பாடா, ஒருவழியாக எனக்கும் கிடைத்தது என்றிருந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள். “ஏ மும்தாஜு, ஒங்க அத்தா கடை டீயாடி இது?”

காய் பொறுக்க மெஷின் வந்துவிட்டது. டீக்கடை இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. மும்தாஜ் எந்த ஊரில் இருக்கிறாளோ.

“ஆமா அத்தே” என்றேன்.