கறை என்று துடைக்கப்பட்ட நட்சத்திரங்கள்

திருப்பூரை ஒட்டிய மண்ணரையில், பனியன் துணியில் படம் அச்சடிக்கும் ஒரு யூனிட்டில் டிசைன் போடுவது என் வேலை. போன வருடம், எங்களிடம் சட்டை வாங்கும் ஒரு வெளிநாட்டுப் பையர் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு இரவு வானம் கேட்டார். ஜப்பான் கார்ட்டூன் படங்களின் அனிமே பாணியில் வேண்டும் என்று ஒரு படமும் அனுப்பினார். ஊதா வானம். எல்லா நட்சத்திரமும் ஒரே அளவு, ஒவ்வொன்றுக்கும் நான்கு முனை. பிறைநிலாவின் இருட்டுப் பக்கத்துக்குள் ஒரு நட்சத்திரம்.

எரிச்சலாக இருந்தது. அந்த இருட்டுப் பக்கமும் நிலாதான். வெறும் பாறை. பாறைக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியும்? அனிமே நானும் பார்த்திருக்கிறேன். பெருநகரத்து மொட்டைமாடியில் இருவர் நின்று அழுவார்கள். கீழே ஊரெல்லாம் விளக்கு எரியும், மேலே பால்வெளி கொட்டிக் கிடக்கும். அத்தனை வெளிச்சத்தில் பால்வெளி தெரியவே தெரியாது. யாரோ அழுகிறார்கள் என்பதற்காக வானம் மாறுவதில்லை.

உண்மையான வானத்தையும் ஒரு சாம்பிளாக அனுப்புவோம் என்று, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசரிடம் சண்டை போட்டேன். தெற்கத்திக்காரர், என்னைவிடச் சின்னவர். "சரிண்ணே, ரெண்டும் போகட்டும். பையருக்கு எது புடிக்குதோ அது" என்றார்.

விளக்கு வெளிச்சம் இல்லாத கொமரலிங்கம் கிராமத்து ஆற்றங்கரையில் பைனாகுலரில் பார்த்ததை வரைந்தேன். திருவாதிரை சிவப்பாக, பெரிதாக. வேட்டைக்காரன் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் மூன்று. மங்கலானவை எல்லாம் ஊசிமுனைப் புள்ளிகள்.

அச்சானதும் இரண்டு சட்டையும் செக்கிங் டேபிளுக்குப் போயின. அங்கே கறை கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பக்கத்து அறையில் அந்த இடத்தில் மருந்தைப் பீய்ச்சிக் கறையை எடுப்பார்கள். நான் போய்ப் பார்த்தபோது என் சட்டையில் ஏழெட்டு நட்சத்திரம்தான் மிச்சம். மற்ற இடமெல்லாம் ஈரம்.

"ஆருங்க இதைத் தொடைக்கச் சொன்னது?" என்றேன்.

"நாந்தானுங்ண்ணா" என்றார் செக்கிங் அக்கா. "இங்க் தெறிச்சிருக்குன்னு நெனச்சனுங்க. ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி துணியே தெரியலீங்க. அந்த இன்னொண்ணு எவ்வளவு சுத்தமா இருக்குது பாருங்க!"

மெர்ச்சன்டைசர் சட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இப்பத்தாண்ணே திருப்பூர் வானம் மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா மீதும் குற்றமில்லை. ஒழுங்கில்லாத புள்ளி என்றால் கறை. அவருக்குக் கற்றுத் தந்த வேலை அது.

"கூரியர் அஞ்சு மணிக்குத்தாண்ணே. சின்னப் புள்ளியெல்லாம் கொஞ்சம் பெருசாக்கி, முனை வெச்சுக் குடுங்க. இன்னொரு பீஸ் அடிச்சிரலாம். யாரும் கறைன்னு சொல்ல மாட்டாங்க. அப்படியே அடிச்சா பையரே கறைன்னு திருப்பிருவாரு" என்றார் மெர்ச்சன்டைசர்.

நேரம் இருந்தது. துணியும் இருந்தது. கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை.

"முடியாதுங்க" என்றேன். "பெருசாக்குனா அதுவும் இதே பொய்தான்."

"உங்க இஷ்டம்ணே" என்று அவர் ஊதா வானத்தை மட்டும் கவரில் போட்டு ஒட்டினார்.